கரைவதை முதலில் எடு: விமான, ரயில் விபத்து விசாரணைக்கு ஒரு செய்முறை

2008 ஜனவரி 17. பெய்ஜிங்கிலிருந்து வந்த போயிங் 777 ஒன்று லண்டன் ஹீத்ரோ ஓடுபாதைக்குச் சற்று முன்பாகவே புல்தரையில் விழுந்தது. இறங்கும் கடைசிக் கட்டத்தில் இரண்டு எஞ்சின்களும் கேட்ட உந்துவிசையைத் தரவில்லை. தொட்டியில் எரிபொருள் இருந்தது; எஞ்சின்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எரிபொருளில் கலந்திருந்த துளித் தண்ணீர் குளிரில் பனியாகி, எரிபொருளும் எண்ணெயும் வெப்பம் மாற்றிக்கொள்ளும் கருவியின் முகப்பை அடைத்ததுதான் காரணம். ஆனால் விசாரணைக் குழு கருவியைத் திறந்தபோது அங்கே பனி இல்லை, உருகிப் போயிருந்தது. அது விட்டுச் சென்ற தடம், இரண்டு எஞ்சின்களின் உயர் அழுத்த பம்புகளிலும் இருந்த வழக்கத்துக்கு மாறான குழி அரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு, சோதனைக்கூடத்தில் மறுபடி பனியை உண்டாக்கிப் பார்த்துத்தான் காரணத்தை நிறுவினார்கள்.

விபத்து நடந்த கணத்திலிருந்து சான்றுகள் அழியத் தொடங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் அழிகிறது. உடைந்த இரும்பு ஒரு மாதம் காத்திருக்கும். ரயில் சக்கரத்தின் சூடு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காது. முக்கியமானதை முதலில் எடுப்பதைவிட, சீக்கிரம் கரைவதை முதலில் எடுப்பதே சரி. எது முக்கியம் என்பது முதல் நாளில் யாருக்கும் தெரியாது.

கிளம்பும் முன்

முதலில் அதிகாரம் யாருடையது என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விமான விபத்தில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்புதான் அடிப்படை. விபத்து எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாடு விசாரணையைத் தொடங்கும். விமானம் பதிவான நாடு, இயக்கிய நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு ஆகியவை தங்கள் பிரதிநிதிகளை அனுப்பலாம். விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்று அந்த இணைப்பு நேரடியாகவே சொல்கிறது. ரயிலுக்கு இப்படி உலகப் பொது விதி இல்லை, நாட்டுக்கு நாடு சட்டம் மாறும்.

காவல்துறையின் குற்ற விசாரணையும் பாதுகாப்பு விசாரணையும் ஒரே இடத்தில் நடக்கும். எந்தப் பொருள் யார் பொறுப்பில், எங்கே பூட்டி வைக்கப்படும், யார் முன்னிலையில் திறக்கப்படும் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால், ஒரு வாரம் கழித்து பிரேக் வால்வு வேறொரு துறையின் கிடங்கில், யாரோ துடைத்துச் சுத்தமாக்கிய நிலையில் கிடைக்கும்.

உங்கள் உயிர்

எரிந்த விமானத்தின் கார்பன் ஃபைபர் பாகங்கள் கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள்களாக உதிரும். சாதாரணத் துணி முகமூடி போதாது. நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகமூடி, கண்ணாடி, உள்ளே நைட்ரைல் கையுறை, வெளியே தோல் கையுறை வேண்டும். உடல் திசுவும் இரத்தமும் கலந்த இடம் என்பதால் இந்த இரட்டைக் கையுறை இரண்டு வகையிலும் உதவும். சூடேறிய விமான டயர் வெடித்தால் வேகம் பக்கவாட்டில்தான் பாயும். அதனால் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ அணுகுங்கள், சக்கரத்தின் பக்கமாகப் போகாதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டர், லித்தியம் பேட்டரி, வெடிக்காத ஏர்பேக் எல்லாவற்றையும் ஒருவர் தேடிக் கண்டு குறியிட்டபின்தான் மற்றவர்கள் உள்ளே போக வேண்டும். சிறிய விமானங்கள் சிலவற்றில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உண்டு. அதை வெளியே தள்ளும் ராக்கெட் இன்னும் வெடிக்காமல் இருக்கலாம்.

ரயிலில் மேல்நிலை மின்கம்பி அறுந்து பெட்டியின் மேல் கிடக்கும். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று தொலைபேசியில் யாரோ சொன்னது போதாது. துண்டித்ததற்கும், இருபுறமும் பூமியில் இணைத்ததற்கும் எழுத்துப்பூர்வ உறுதி வாங்கிய பிறகே கால் வையுங்கள். பக்கத்துத் தடத்தில் போக்குவரத்து நின்றுவிட்டதா என்பதும் இதே கேள்விதான்.

மீட்புப் பணி நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். மீட்பவர்கள் வெட்டுவார்கள், நகர்த்துவார்கள், விமானியறையில் கைக்கு எட்டிய விசைகளை அணைப்பார்கள். அது அவர்கள் வேலை. அன்றே அவர்களிடம் எதை வெட்டினீர்கள், எதை அணைத்தீர்கள், எந்தக் கதவு முதலில் திறந்தே இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வது உங்கள் வேலை. இதைக் கேட்காமல் விட்டு, மீட்பர் அணைத்த எரிபொருள் விசையை விமானி அணைத்ததாக எடுத்துக்கொண்டால் அறிக்கை முழுவதும் தடம் மாறிவிடும்.

முதல் சில மணி நேரம்: எதை, எந்த வரிசையில்

விமானத்தில் முதலில், விமானியறைப் பேச்சைப் பதியும் ஒலிப்பதிவுக் கருவிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துங்கள். விமானம் நொறுங்காமல் நின்ற சம்பவங்களில்தான் இது அதிகம் தவறுகிறது. கருப்புப் பெட்டி (நிறம் என்னவோ ஆரஞ்சு) 3,400 ஜி (புவியீர்ப்பைப் போல 3,400 மடங்கு) மோதலையும், 1,100 டிகிரி செல்சியஸ் தீயை ஒரு மணி நேரமும், 6,000 மீட்டர் ஆழத்தையும் தாங்கும்படி சோதிக்கப்படுகிறது. அப்படிப்பட்ட பெட்டி, ஒரு சர்க்யூட் பிரேக்கரை இழுக்க மறந்ததால் தோற்றுவிடும். 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவில் போயிங் 737-9 ஒன்றில், பயன்படாத கதவிடத்தை மூடியிருந்த அடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். ஆனால் இரண்டு மணி நேரம் மட்டுமே சேமிக்கும் ஒலிப்பதிவு தொடர்ந்து ஓடி, சம்பவத்தின் மேலேயே புதிய ஒலியைப் பதிந்துவிட்டது. 25 மணி நேரப் பதிவு வேண்டும் என்ற பேச்சு வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது எரிபொருள். விமானத் தொட்டியில் மீதமிருப்பதை மட்டும் எடுத்தால் போதாது. அதை நிரப்பிய வண்டியையும், அது நிரம்பிய சேமிப்புத் தொட்டியையும் நிறுத்திவைத்து மாதிரி எடுங்கள். அந்த வண்டி அடுத்த அரை மணி நேரத்தில் இன்னொரு விமானத்துக்கு நிரப்பப் போய்விடும்.

ரயிலில் முதல் வேலை சூடு. தடம் புரண்ட வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஆக்சில் பெட்டியையும் (சக்கர அச்சின் முனையைத் தாங்கும் பெட்டி) அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து, நேரத்தோடு குறியுங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால் பிரேக் பிடித்தே ஓடியிருக்கலாம். ஆக்சில் பெட்டி சூடாக இருந்தால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். பிறகு பிரேக் குழாய் அழுத்தம், அந்தக் குழாயைத் திறந்து மூடும் அடைப்பான்களின் (காக்) நிலை, கை பிரேக்கின் சுற்று எண்ணிக்கை. ஒவ்வொரு அடைப்பானையும் திருப்பும் முன் அதன் கைப்பிடியிலிருந்து அதன் உடல் வரை ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துவிடுங்கள். பிறகு யார் திருப்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். தண்டவாளத்தின் மேற்பரப்பில் எண்ணெய், இலைச்சாறு, துரு இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை உறையிலிட்டு முத்திரையிடுங்கள். அடுத்த மழைக்கு முன் இது முடிய வேண்டும்.

சிக்னல் அறையைச் சொல்லவே வேண்டாம்: பூட்டி முத்திரை வைக்க வேண்டும். யார் முதலில் ஓடி வருகிறார்களோ அவர்கள் சிக்னலைச் சரிசெய்யத்தான் வருவார்கள், கெட்ட எண்ணத்தில் அல்ல, பழக்கத்தில். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), இணைப்பு வயர், டெர்மினல் எதையும் படம் எடுக்காமல், அளவெடுக்காமல் அசைக்க விடாதீர்கள். 1988 டிசம்பர் 12 அன்று லண்டன் கிளாஃபம் சந்திப்பில் 35 பேர் இறந்த மோதலுக்குக் காரணம், புது வயர் போட்டபின் வெட்டாமல் விட்ட பழைய வயர் ஒன்று. அது தன் பழைய இடத்தைத் தொட்டு, சிவப்பு காட்ட வேண்டிய சிக்னலைச் சிவப்பு காட்டவிடாமல் செய்தது. அந்த வயர் கைபட்டு ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தால் கதையே மாறியிருக்கும்.

கேமரா பதிவுகள், கட்டுப்பாட்டு அறை உரையாடல், ரேடார், நிலையத்தின் டேட்டா லாகர் (சிக்னல், தட நிலவரத்தை நேரத்தோடு பதியும் கருவி) ஆகியவற்றை அழியாமல் வைக்கச் சொல்லி அன்றே எழுத்தில் கேளுங்கள். பல கேமராக்கள் ஒரு வாரத்தில் பழையதன் மேல் பதியும். ஊழியர்களின் கடந்த 72 மணி நேரப் பணி, உறக்கம், உணவு பற்றிய விவரமும் இந்த வரிசையில்தான் வரும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கிடைப்பது ஊகம்தான்.

சிதறலைப் படித்தல்: விமானம்

தரையில் இறங்கியதும் நான்கு மூலைகளைத் தேடுங்கள்: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். கூடவே கட்டுப்பாட்டுப் பரப்புகள் (விமானத்தைத் திருப்பும் அசையும் தகடுகள்) ஒவ்வொன்றும். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் விமானம் முழுசாகத் தரையைத் தொட்டது. வாலின் ஒரு துண்டு பறந்து வந்த பாதையில் சில கிலோமீட்டர் பின்னால் கிடந்தால், அது வானிலேயே பிரிந்திருக்கிறது. முதலில் பிரிந்ததுதான் பெரும்பாலும் கதையின் தொடக்கம், ஆகவே பெரிய சிதைவுக் குவியலில் மூழ்கிவிடாமல் 'எது இங்கே இல்லை' என்று பட்டியல் போடுங்கள். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்தின் வால் எஞ்சின் விசிறித் தட்டு அக்டோபரில்தான் ஒரு சோளக்காட்டில், அறுவடை செய்த விவசாயி கண்ணில் பட்டது. டைட்டானியம் உருக்கும்போதே உள்ளே சிக்கிய ஒரு குறையில் தொடங்கிய விரிசல் என்பது அதற்குப் பிறகே உறுதியானது.

எஞ்சின் ஓடியதா என்பதற்கு உலோகமே பேசும். ப்ரொப்பெல்லர் இதழ்கள் எல்லாம் ஒரே மாதிரி முறுக்கி, முன்பக்கம் வளைந்து, அகல வாக்கில் கீறல் வாங்கியிருந்தால் சக்தியோடு சுழன்றது. ஒரு இதழ் மட்டும் பின்னோக்கி மடங்கி மற்றவை நன்றாக இருந்தால் நின்றிருக்கலாம் அல்லது காற்றில் சும்மா சுழன்றிருக்கலாம். எச்சரிக்கை விளக்கின் பழைய இழை பல்பு எரிந்துகொண்டிருந்தபோது மோதினால், சூடான இழை இழுபட்டு நீளும். அணைந்திருந்தால் அப்படியே பட்டென ஒடியும். எல்.இ.டி. வந்தபின் இந்த உதவி போய்விட்டது, வருத்தம்தான்.

தீ முன்னதா, மோதல் முன்னதா என்பதற்குக் கரியைப் பாருங்கள். நசுங்கி மடிந்த தகட்டை மெல்ல விரியுங்கள். மடிப்பின் உள்ளே சுத்தமாக இருந்தால் மோதிய பிறகே தீ. உள்ளேயும் கரி இருந்தால், கரிக்கோடுகள் காற்றோட்டத் திசையில் நீண்டிருந்தால், வானிலேயே எரிந்திருக்கிறது.

உடைந்த பரப்பில் மிக அதிகம் நடக்கும் பாவம் ஒன்று உண்டு: இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்ப்பது. எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பொருத்திய கணத்தில் நுண்ணிய வரிகள் நசுங்கிப் போகும். விரலால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு உறையிலிடுங்கள். கண்ணால் பார்க்கும்போதே ஒரு முதல் அடையாளம் தெரியும். ஒரு புள்ளியைச் சுற்றிக் கடல் அலை ஓய்ந்த மணல்போல வளைவு வரிகள் இருந்தால் அது நாள்பட்ட களைப்பு விரிசல், திரும்பத் திரும்ப வந்த சுமையால் மெல்ல வளர்ந்தது. சொரசொரப்பாக, மங்கலாக, ஓரத்தில் சுமார் 45 டிகிரி சரிவோடு இருந்தால் ஒரே அடியில் தாங்காமல் உடைந்தது. இரண்டாவது வகை பெரும்பாலும் விபத்தின் விளைவு, முதலாவது காரணமாக இருக்க வாய்ப்புள்ளது.

சிதறலைப் படித்தல்: ரயில்

தடம் புரண்ட பெட்டிகள் குவிந்த இடம் படத்துக்கு நன்றாக இருக்கும். விசாரணைக்கு அதிகம் உதவாது. அங்கிருந்து பின்னோக்கி நடங்கள். ஸ்லீப்பர்களிலும் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) கிளிப்புகளிலும் சக்கரம் அடித்த தழும்புகளைப் பின்தொடர்ந்தால் சக்கரம் தண்டவாளத்தை விட்டு விழுந்த இடம் வரும். இன்னும் பின்னால் தண்டவாளத்தின் தலைமேல் மெல்லிய கோடு தெரியும்: சக்கரத்தின் விளிம்பு (தண்டவாளத்தின் உட்பக்கம் இறங்கி நிற்கும் பகுதி) ஏறி ஓடிய தடம். ஏறிய இடத்தைச் சுழியம் என்று குறித்து, இருபுறமும் 3 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் தண்டவாள இடைவெளி, குறுக்கு மட்டம் (இரு தண்டவாளங்களின் உயர வித்தியாசம்), வளைவு ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். ஸ்லீப்பர்களையும் சுண்ணக்கட்டியால் எண்ணிடுங்கள்.

தடத்தின் வடிவமே வகையைச் சொல்லும். தலைமேல் பல மீட்டர் நீண்ட கோடு என்றால் சக்கரம் மெல்ல ஏறியது. கோடே இல்லாமல் திடீரென விழுந்திருந்தால் எகிறியிருக்கலாம். தண்டவாளங்களுக்கு நடுவே சக்கரங்கள் விழுந்து, திருகுத் துளைகள் நீள்வட்டமாகி இருந்தால் தடமே அகன்றுவிட்டது. அகன்ற தடத்தில் எடை இல்லாதபோது எடுத்த அளவு பொய் சொல்லும்: வண்டி நிற்காதபோது தண்டவாளம் நிமிர்ந்து சரியாகத் தெரியும், ஸ்லீப்பருக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். அதனால் பக்கத்தில் சேதமாகாத தடத்திலாவது எஞ்சினை ஏற்றி, எடையோடும் எடையில்லாமலும் இரண்டு முறை அளவெடுங்கள்.

ஏறுவதற்கு ஒரு கணக்கு உண்டு. சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையை, கீழ்நோக்கி அழுத்தும் விசையால் வகுத்தால் வரும் எண் ஒரு வரம்பைத் தாண்டினால் ஏறும் அபாயம். நடால் வரம்பு என்பார்கள். விளிம்பின் கோணம் 70 டிகிரி, உராய்வு 0.3 என்றால் வரம்பு 1.34. அதே சக்கரம், வறண்ட தண்டவாளத்தில் உராய்வு 0.5 ஆனால் 0.95-க்கு இறங்கிவிடும். கோணம் 60 டிகிரியாக இருந்து உராய்வும் 0.5 என்றால் 0.66தான். ஆகவே விளிம்பின் கோணத்தை அளக்கும்போதே, வளைவில் உயவு எண்ணெய் இருந்ததா, சக்கரம் புதிதாகக் கடையப்பட்டுப் பரப்பு சொரசொரப்பாக இருந்ததா என்றும் பாருங்கள். வகுக்கும் எண்ணை மறக்காதீர்கள்: ஒரு பக்கம் மட்டும் சரக்கு ஏற்றிய வேகனில் மறுபக்கச் சக்கரத்தின் எடை குறைந்திருக்கும். மீதமுள்ள சரக்கை இறக்கும் முன் எங்கெங்கே எவ்வளவு இருந்தது என்று வரைந்துகொள்ளுங்கள்.

தண்டவாளம் முறிந்திருந்தால் பெரிய கேள்வி: முறிந்ததால் தடம் புரண்டதா, புரண்டதால் முறிந்ததா? முறிவுக்கு அப்பால், வண்டி வந்து ஏறும் முனையைப் பாருங்கள். பல சக்கரங்கள் அடித்துத் தலை நசுங்கியிருந்தால், முறிந்த பிறகும் வண்டி ஓடியிருக்கிறது. தடம் புரளாமல் முன்னே போன பெட்டிகளின் சக்கரங்களில் அதற்குப் பொருந்தும் வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தப் பெட்டிகளை அடுத்த நிலையத்துக்கு இழுத்துப் போய்விடுவார்கள். அவற்றைப் பிடித்து நிறுத்துவதும் உங்கள் பொறுப்பு.

பதிவுகள்: எண் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

கருப்புப் பெட்டி தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டால் உலர்த்தாதீர்கள். சுத்தமான நன்னீர் நிரம்பிய பாத்திரத்தில் மூழ்கவைத்தே சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். காற்றில் உப்பு காய்ந்தால் அரிப்பு வேகமாகும். சம்பவ இடத்தில் மின்சாரம் கொடுத்து 'ஒரு தடவை பார்க்கலாமே' என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

விமானத் தரவுப் பதிவில் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு இடைவெளியில் பதியும். செங்குத்து முடுக்கம் நொடிக்கு 8 முறை பதிவாகலாம், ஒரு விசையின் நிலை நொடிக்கு ஒரே முறை பதிவாகலாம். அப்படியிருக்க, விசை முதலில் நகர்ந்ததா, விமானம் முதலில் குலுங்கியதா என்று ஒரு நொடிக்குள் முன்பின் சொல்ல முடியாது. வரைபடத்தில் கோடு அழகாக இணைந்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், புள்ளிகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

ரயில் எஞ்சினின் வேகப்பதிவு பெரும்பாலும் சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதிலிருந்து கணக்கிடப்படுகிறது. கருவியில் சக்கர விட்டம் 1,092 மி.மீ. என்று பதிந்திருக்கிறது, உண்மையில் தேய்ந்து 1,040 மி.மீ. ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவு 110 கி.மீ. காட்டினால் உண்மை வேகம் 110-ஐ 1,040-ஆல் பெருக்கி 1,092-ஆல் வகுத்தது: சுமார் 104.8. வரம்பு 105 என்றால், ஓட்டுநர் வேகம் மீறினாரா இல்லையா என்பதே இந்தத் தேய்மானத்தில் அடங்கியிருக்கிறது. அதனால் எந்த ஆக்சிலில் உணரி பொருத்தப்பட்டிருந்ததோ அந்தச் சக்கரத்தை டேப்பால் சுற்றி அளந்த பிறகே வேகத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டும். அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் பதிவு சுழியம் காட்டும், வண்டியோ ஓடிக்கொண்டிருக்கும்.

கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே போகாது. இரண்டு பதிவிலும் தெரியும் ஒரே நிகழ்வைப் பிடித்து ஒட்டுங்கள். விமானத்தில், விமானி ரேடியோப் பொத்தானை அழுத்திய கணம் தரவுப் பதிவிலும் இருக்கும், கோபுரத்தின் ஒலிப்பதிவிலும் இருக்கும். ரயிலில், வண்டி ஒரு தடச் சுற்றுக்குள் (வண்டி இருப்பதைக் கண்டறியும் தண்டவாள மின்சுற்று) நுழைந்த கணம் நிலைய லாகரில் இருக்கும். ஒரு நிகழ்வோடு நிறுத்தாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பு வித்தியாசம் 45 நொடி, விபத்தருகே 47 நொடி என்றால் ஒரு கடிகாரம் நழுவுகிறது என்று பொருள், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மனிதர்களிடம் கேட்பது

சாட்சிகளைத் தனித்தனியாக, முடிந்தால் அவர்கள் நின்ற இடத்துக்கே கூட்டிப் போய்ப் பேசுங்கள். தப்பான கேள்வி இப்படி இருக்கும்: "விழறதுக்கு முன்னாடியே எஞ்சின் எரிஞ்சுதா?" சரியான கேள்வி: "நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க? மொதல்ல எது உங்க கவனத்த இழுத்துது? அப்புறம்?" பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனத்தில்தான் நல்ல விவரம் வரும். 'வெடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன், அப்போதுதான் விழுந்தது' என்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அவர் 1.7 கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தால் கேட்ட சத்தம் 5 நொடி பழசு.

விமானியிடமும் லோகோ பைலட்டிடமும் 'ஏன் பார்க்கவில்லை' என்று கேட்டால் பதில் தற்காப்பாகவே வரும். 'அந்த நேரத்தில் எதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்கள்' என்று கேளுங்கள்.

பகுப்பாய்வு: 'மனிதத் தவறு' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைக்காதீர்கள்

ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு தாள் போடுங்கள். இது உண்மையானால் எதைக் காண வேண்டும், எதைக் காணக்கூடாது என்று இரண்டு பத்தி. இரண்டாம் பத்திதான் வேலை செய்யும். முதலாவதை மட்டும் நிரப்பினால் எந்த ஊகத்துக்கும் சான்று கிடைத்துவிடும்.

1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே போயிங் 737 விழுந்து 47 பேர் இறந்தார்கள். இடது எஞ்சினின் விசிறி இதழ் உடைந்தது, விமானிகள் அணைத்தது வலது எஞ்சினை. இங்கேயே நிறுத்தினால் அது வெறும் தவறு. குழு ஏன் என்று தொடர்ந்து கேட்டது. அவர்கள் பழகிய முந்தைய ரகத்தின் அறிவுப்படி, அறைக்குள் வந்த புகை வலது பக்கத்தைச் சுட்டியது. தானியங்கி உந்துவிசைக் கட்டுப்பாடு விடுபட்டதும் இடது எஞ்சினின் குலுக்கலும் தற்செயலாகக் குறைந்தது. வலதை அணைத்தது சரிதான் என்று அது உறுதிப்படுத்திவிட்டது. எந்த எஞ்சின் என்று சொல்லக்கூடிய அதிர்வுமானி சின்னதாக, கண்ணுக்கு எட்டாத மாதிரி இருந்தது. அதே இடத்தில் அதே அனுபவமுள்ள வேறு இருவரை உட்காரவைத்தாலும் இதுவே நடந்திருக்குமா என்று கேளுங்கள். ஆம் என்றால் ஆளை மாற்றிப் பயனில்லை.

1990 ஜூன் 10 அன்று இன்னொரு விமானத்தின் முன் கண்ணாடி நடுவானில் பறந்துபோனது. பொருத்தியிருந்த 90 போல்ட்டுகளில் 84-இன் விட்டம் சுமார் 0.66 மி.மீ. குறைவு. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தது அவை. கழற்றிய பழைய போல்ட்டுகளே சரியான ரகம் அல்ல என்பதுதான் இதில் சுவாரசியம். குழு அவற்றையும் அளந்து பார்த்ததால்தான் அது தெரிந்தது. உடையாததையும் அளக்கும் பழக்கம் வேண்டும்.

ரயிலில் கடைசியாகக் கை வைத்த வேலையைத் தோண்டுங்கள். கிளாஃபமில் அந்த வயரை விட்டவருக்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு. வயர்களை எண்ணிச் சரிபார்க்க வேண்டிய இரண்டாவது ஆளும் எண்ணவில்லை. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹனகா பஜாரில், பிரதான தடத்துக்குப் பச்சை காட்டப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ் லூப் லைனில் (பிரதான தடத்திலிருந்து பிரியும் பக்கத் தடம்) நின்ற சரக்கு ரயிலில் மோதியதற்கும் மூலம், சிக்னல் சுற்றில் செய்த மாற்ற வேலைகள். வேலை முடிந்து வண்டி ஓட அனுமதிக்கும் அந்தக் கையெழுத்தில், போடும் முன் எதை யார் சோதித்தார் என்பதே கேள்வி.

பரிந்துரை எழுதுவது

அறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். முதல் வாரத்திலேயே அபாயம் தெரிந்தால் அன்றே இடைக்காலப் பரிந்துரை அனுப்புங்கள். விமான விபத்துக்கு முதல்கட்ட அறிக்கை 30 நாளில், இறுதி அறிக்கை முடிந்தவரை 12 மாதத்தில். முடியாவிட்டால் ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும் நிலவர அறிக்கை. வரைவை மற்ற நாடுகளுக்கு அனுப்பி 60 நாள் கருத்துக் கேட்க வேண்டும்.

'ஊழியர்களுக்கு அறிவுறுத்த வேண்டும்' என்ற பரிந்துரையை எழுதவே எழுதாதீர்கள். யாருக்கு, எந்தக் கருவியில், எந்த விளைவு வேண்டும் என்று எழுதுங்கள். 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகாண்டிக் ஊருக்குள் ஆளில்லாமல் உருண்டு வந்த எண்ணெய் ரயில் 47 பேரைக் கொன்றது. 7 கை பிரேக்குகள்தான் போடப்பட்டிருந்தன. அவை பிடிக்கின்றனவா என்ற சோதனையை எஞ்சினின் காற்று பிரேக்கை விடுவிக்காமலே செய்திருந்தார்கள். பின்னர் எஞ்சின் அணைக்கப்பட, காற்று மெல்லக் கசிந்து பிடி தளர்ந்தது. 'ஓட்டுநர்கள் கவனமாக இருக்க வேண்டும்' என்பது இதற்குப் பதிலாகாது. 'எஞ்சின் நின்று காற்று போனாலும் வண்டி தானே நகராத இரண்டாவது தடுப்பு' என்பது பதில். எப்படிச் செய்வது என்பதைப் பெறுபவரிடமே விடுங்கள், வழியைத் திணித்தால் அந்த வழியில் உள்ள குறையும் உங்களுடையதாகும்.

பழைய சம்பவப் பதிவேட்டையும் இணைத்து அனுப்புங்கள். 1999 அக்டோபர் 5 அன்று லண்டன் லாட்புரோக் குரோவில் 31 பேர் இறக்கக் காரணமான எஸ்.என்.109 சிக்னலை, அதற்கு முந்தைய ஆறாண்டுக்குள் 8 முறை ரயில்கள் சிவப்பில் கடந்திருந்தன. யாரும் சாகாத அந்த 8 முறையும் விசாரிக்கக் கிடைத்த வாய்ப்புகள்.

விமானப் பரிந்துரைக்கு 90 நாளில் பதில் வர வேண்டும். 'ஏற்றுக்கொள்கிறோம்' என்று வந்ததும் கோப்பை மூடாதீர்கள். மாற்றிய பாகத்தின் எண், பொருத்திய முதல் வண்டி, மீதம் எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று நான்கு கட்டங்கள் போட்ட அட்டவணையைத் திருப்பி அனுப்புங்கள். கடைசிக் கட்டம் நிரம்பும்வரை கோப்பு மேசையின் மேலேயே இருக்கட்டும்.